இரண்டு ஆட்டத் தடை, பதினாறு ஆட்டத் தடை: யார் போட்ட கணக்கு?

2014ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் தேதி, அமெரிக்கக் காற்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல், பால்டிமோர் ரேவன்ஸ் குழுவின் ரே ரைஸுக்கு இரண்டு ஆட்டங்கள் விளையாடத் தடை விதித்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு சூதாட்ட விடுதியின் மின்தூக்கிக்குள், தாம் மணக்கவிருந்த பெண்ணை அவர் அடித்திருந்தார். அந்தப் பெண் நினைவிழந்து விழுந்தார். அவரை ரைஸ் வெளியே இழுத்துப்போட்ட காட்சி விடுதியின் கேமராவில் பதிவாகி, அமெரிக்கா முழுவதும் பரவியிருந்தது.

ஐந்து வாரங்கள் கழித்து, ஆகஸ்ட் 27ஆம் தேதி, அதே லீக் இன்னொரு தண்டனையை அறிவித்தது. கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் குழுவின் ஜோஷ் கோர்டன், முந்தைய பருவத்தில் லீக்கிலேயே அதிகத் தூரம் பந்தைப் பிடித்து ஓடியவர். கஞ்சா பரிசோதனையில் அவர் மறுபடியும் சிக்கினார். அவருக்குக் கிடைத்தது ஒரு முழுப் பருவத் தடை. அப்போது ஒரு பருவத்துக்கு 16 ஆட்டங்கள்.

ஒரு பெண்ணை அடித்து மயங்க வைத்தவருக்கு 2. கஞ்சா புகைத்தவருக்கு 16.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கஞ்சா எவ்வளவு கடுமையான குற்றம் என்பது நமக்குத் தெரியும். அதனால் கோர்டனுக்குக் கிடைத்தது சரிதானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இருக்கட்டும். ஆனால் ரைஸின் 2 எங்கிருந்து வந்தது? லீக்கின் தலைவர் பெண்களை மதிக்காதவர் என்றோ, பணக்கார விளையாட்டாளர்களுக்கு எல்லாம் நடக்கும் என்றோ சொல்லிவிட்டுப் போகலாம். அது எளிதான பதில். அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

பேரம் பேசும் மேசை

என்எஃப்எல் லீக்கில் 32 குழுக்கள். குழுக்களின் உரிமையாளர்கள் சேர்ந்து ஓர் ஆணையரை நியமிக்கிறார்கள். 2006 முதல் அந்தப் பொறுப்பில் இருப்பவர் ரோஜர் குடெல். மறுபக்கம் ஆட்டக்காரர்களுக்கு ஒரு தொழிற்சங்கம் உண்டு. சம்பளம், பயிற்சி நேரம், மருத்துவம், ஓய்வூதியம் என எல்லாமே இந்த இரு தரப்பும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்திடும் கூட்டு ஒப்பந்தத்தில் அடங்கும். நம் ஊரில் வங்கி ஊழியர் சங்கமோ தோட்டத் தொழிலாளர் சங்கமோ முதலாளிமாருடன் செய்துகொள்ளும் ஒப்பந்தம் மாதிரிதான்.

தண்டனையும் அதே மேசையில்தான் பேசப்படுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை விளங்கும்.

போதைப்பொருள் விஷயத்தில் சங்கம் விழிப்பாக இருந்தது. எந்த அளவுக்கு மேல் இருந்தால் குற்றம், முதல் தடவை என்ன, நான்காம் தடவை என்ன என்று அட்டவணை போட்டு வைத்திருந்தார்கள். கோர்டனுக்கு இது முதல் தவறல்ல. 2013இலும் இரண்டு ஆட்டங்கள் தடை பெற்றவர். ஆகவே அட்டவணைப்படி முழுப் பருவம். அன்றைய வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 15 நானோகிராம். அவருடைய முதல் மாதிரியில் 16, இரண்டாம் மாதிரியில் 13.6 இருந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. இரண்டாம் மாதிரி வரம்பைத் தாண்ட வேண்டியதில்லை, அந்தப் பொருள் இருந்தாலே போதும் என்பது விதி. அதே காலத்தில் ஒலிம்பிக் விளையாட்டாளர்களுக்கு உலக ஊக்கமருந்து எதிர்ப்பு நிறுவனம் வைத்திருந்த வரம்பு 150. பத்து மடங்கு வித்தியாசம்!

தண்டனை அறிவித்துச் சில வாரங்களிலேயே புதிய ஒப்பந்தம் வந்தது. வரம்பு 35 ஆனது, கோர்டனின் தடை 10 ஆட்டங்களாகக் குறைந்தது. 2020இல் வந்த அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் வரம்பு 150க்குப் போனது. கஞ்சா பரிசோதனையில் சிக்கியதற்காக மட்டும் யாரையும் தடை செய்வதில்லை என்றும் முடிவானது. கஞ்சா ஆறு ஆண்டுகளில் பாதிப்பில்லாத பொருளாக மாறிவிடவில்லை. உரிமையாளர்கள் பருவத்துக்கு 17ஆவது ஆட்டம் ஒன்றைக் கேட்டார்கள். அதைக் கொடுக்க ஆட்டக்காரர்கள் கேட்டு வாங்கியவற்றில் இதுவும் ஒன்று. அந்த ஒப்பந்தம் ஆட்டக்காரர்களின் வாக்கெடுப்பில் 1,019க்கு 959 என்ற கணக்கில் மயிரிழையில் தப்பியது.

குடும்ப வன்முறைக்கு அப்படி ஓர் அட்டவணை இல்லை. லீக்கின் நற்பெயருக்குக் கேடு செய்யும் நடத்தை என்ற பொதுப் பெயரில் எல்லாவற்றையும் ஆணையரின் விருப்பத்துக்கே விட்டிருந்தார்கள். ஏன் இல்லை? உரிமையாளர்களுக்கு அதில் அவசரம் இல்லை. தன் உறுப்பினர்களுக்குக் கூடுதல் தண்டனை கேட்டு எந்தத் தொழிற்சங்கமும் மேசையைத் தட்டாது. அடி வாங்கிய பெண்ணுக்கு அந்த மேசையில் நாற்காலியே கிடையாது.

இரண்டாவது காணொளி

ரைஸின் கதையில் அந்த நாற்காலி இல்லாத குறை அப்பட்டமாகத் தெரிந்தது. ஜூன் மாதம் குடெல் விசாரித்தபோது ஜனே ரைஸும் அறையில் இருந்தார். அதற்குள் இருவருக்கும் திருமணம் ஆகியிருந்தது. அவரைத் தனியாக யாரும் கேட்கவில்லை. தம்மை அடித்த கணவரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கும் குழுவின் அதிகாரிகளும் உடனிருக்க, அங்கேதான் அவர் பேச வேண்டியிருந்தது. அந்தச் சூழ்நிலையில் ஒரு மனைவி வேறென்ன சொல்லிவிட முடியும்? கணவருக்கு வேலை போனால் அந்தக் குடும்பத்துக்கும்தானே வருமானம் போகும்.

இரண்டு ஆட்டத் தடைக்கு எதிர்ப்பு பெருகவே, ஆகஸ்ட் 28ஆம் தேதி, அதாவது கோர்டனைத் தண்டித்த மறுநாளே, குடெல் புதிய விதியை அறிவித்தார். வன்முறை வழக்குகளில் முதல் தடவைக்கு ஆறு ஆட்டம் என்பது அடிப்படை. இரண்டாம் தடவை லீக்கிலிருந்தே வெளியேற்றம், ஓராண்டு கழித்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம்.

செப்டம்பர் 8ஆம் தேதி மின்தூக்கியின் உள்ளே எடுக்கப்பட்ட காட்சியை ஓர் ஊடகம் வெளியிட்டது. அடி விழும் கணம் அதில் இருந்தது. அன்றே ரேவன்ஸ் குழு ரைஸின் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. லீக் அவரைக் காலவரையின்றித் தடை செய்தது. அவர் தங்களிடம் சொன்னதற்கும் காட்சிக்கும் வேறுபாடு இருக்கிறது என்பது அது கூறிய காரணம்.

ரைஸ் மேல்முறையீடு செய்தார். ஓய்வுபெற்ற நீதிபதி பார்பரா ஜோன்ஸ் வழக்கைக் கேட்டு, நவம்பர் 28ஆம் தேதி அந்தத் தடையை நீக்கினார். ரைஸ் லீக்கிடம் பொய் சொல்லவில்லை, நடந்தது என்ன என்பது லீக்குக்கு முன்பே தெரியும், ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டிக்க முடியாது என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. படிக்கும்போது வயிறு எரிந்தாலும் சரிதான். ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையே குற்றம் மாறவில்லை, ஆதாரமும் பெரிதாக மாறவில்லை. லீக்குக்குத் தெரிந்ததை மக்களும் கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். 2018இல் கான்சஸ் சிட்டி குழுவின் கரீம் ஹன்ட் விஷயத்திலும் அதே கதை. பிப்ரவரியில் நடந்த சம்பவம். நவம்பர் இறுதியில் காணொளி வெளிவந்த அன்றே அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். கேமரா இல்லாத இடத்தில் அடி வாங்கியவர்களின் வழக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட தண்டனையை நீதிமன்றம் தட்டிக்கேட்காதா என்றால், பெரும்பாலும் கேட்காது. 2015இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் குழு காற்று குறைந்த பந்துகளைப் பயன்படுத்தியது என்ற புகாரில் டாம் பிரேடிக்கு நான்கு ஆட்டத் தடை கிடைத்தது. ரைஸின் முதல் தடையைப்போல் இரண்டு மடங்கு, பந்தின் காற்றுக்காக! ஒரு நீதிபதி அதை ரத்து செய்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016 ஏப்ரலில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மறுபடி உறுதி செய்தது. தண்டனை நியாயமா என்று அது பார்க்கவில்லை. ஆணையருக்கு அந்த அதிகாரத்தை ஒப்பந்தம் கொடுத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. ஒப்பந்தம் கொடுத்திருந்தது.

1,500 டாலர் பந்தயம்

உரிமையாளர்கள் உண்மையாகவே பயப்படுவது பந்தயத்துக்குத்தான். 2021 நவம்பரில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் குழுவின் கேல்வின் ரிட்லி, குழுவிலிருந்து விலகி வீட்டில் இருந்தபோது கைபேசி வழியாகப் பந்தயம் கட்டினார். தம் குழு ஜெயிக்கும் என்றும் கட்டினார். மொத்தம் 1,500 டாலர் என்று பிறகு அவரே சொன்னார். ஆட்டத்தை விற்றதாக அவர்மீது புகார் இல்லை. 2022 பருவம் முழுவதும் தடை. இழந்த சம்பளம் ஏறக்குறைய 11.1 மில்லியன் டாலர்.

2023இல் டெட்ராய்ட் லயன்ஸ் குழுவின் ஜேம்சன் வில்லியம்ஸுக்கு ஆறு ஆட்டத் தடை. அவர் பந்தயம் கட்டியது என்எஃப்எல் ஆட்டங்களில்கூட இல்லை. பந்தயம் கட்டும்போது குழுவின் வளாகத்தில் இருந்தார் என்பதே குற்றம். அதே பந்தயத்தை வீட்டிலிருந்து கட்டியிருந்தால் பிரச்சினை இல்லை. ஆறு என்ற எண்ணை இன்னொரு முறை பாருங்கள். குடும்ப வன்முறையில் முதல் தடவைக்கு வைத்த அடிப்படைத் தண்டனையும் அதே ஆறுதான். பிறகு வில்லியம்ஸின் தடையை நான்காகக் குறைத்தார்கள், விதியையும் தளர்த்தினார்கள்.

பந்தயத்துக்குக் கடுமை வேண்டும் என்பதை மலேசிய, சிங்கப்பூர் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1994இல் மலேசியக் காற்பந்து லீக்கை உலுக்கிய ஆட்டநிர்ணய ஊழலை உங்கள் அப்பாவிடமோ மாமாவிடமோ கேட்டால் இன்றும் ஆதங்கத்தோடு சொல்வார்கள். ஏராளமான ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள், தடை செய்யப்பட்டார்கள். அந்த ஆண்டு லீக்கையும் மலேசியக் கிண்ணத்தையும் வென்ற சிங்கப்பூர், அத்தோடு விலகித் தனி லீக்கைத் தொடங்கியது. நிரம்பி வழிந்த அரங்குகள் காலியாயின. முடிவு முன்கூட்டியே பேசப்பட்டது என்ற சந்தேகம் வந்துவிட்டால் ஒரு லீக்கிடம் விற்க ஒன்றும் மிஞ்சாது.

ஆனால் அந்த வாதத்தை முழு நம்பிக்கையோடு சொல்ல என்எஃப்எல்லால் முடியவில்லை. ரிட்லியைத் தண்டிப்பதற்கு ஓராண்டுக்கு முன்புதான், 2021 ஏப்ரலில், மூன்று பந்தய நிறுவனங்களுடன் அது பெரும் வணிக ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் மதிப்பு ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரு பில்லியன் டாலர் என்று ஊடகங்கள் மதிப்பிட்டன. இங்கிலாந்திலும் இதே முரண்தான். 2023இல் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் ஐவன் டோனிக்குப் பந்தய விதிமீறல்களுக்காக எட்டு மாதத் தடை விதித்தது. அவர் ஆடிய பிரென்ட்ஃபோர்ட் குழுவின் சட்டையின் நெஞ்சுப் பகுதியில் பெரிய எழுத்தில் இருந்தது ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர். டோனி சூதாட்ட அடிமைத்தனத்தால் பாதிக்கப்பட்டவர் என்பதை ஏற்று 11 மாதத்தை 8 ஆகக் குறைத்த அந்தக் குழுவினர் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

நீதிபதி கேட்ட நியாயமான கேள்வி

2020 ஒப்பந்தம் ஒரு நல்ல காரியத்தைச் செய்தது. நடத்தை தொடர்பான வழக்குகளை முதலில் விசாரிப்பவர் ஆணையர் அல்லர். லீக்கும் சங்கமும் சேர்ந்து நியமிக்கும் ஒரு வெளியாள் என்று மாற்றியது. அந்தப் பொறுப்புக்கு வந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி சூ ராபின்சன். அவரிடம் போன முதல் பெரிய வழக்கு டெஷான் வாட்சனுடையது.

மசாஜ் செய்ய அமர்த்தப்பட்ட 20க்கும் அதிகமான பெண்கள், வாட்சன் தங்களிடம் பாலியல் ரீதியாக முறைகேடாக நடந்துகொண்டார் என்று சிவில் வழக்குத் தொடுத்தார்கள். அவர் மறுத்தார். டெக்சஸ் மாநிலத்தில் இரண்டு ஜூரி குழுக்கள் குற்றவியல் வழக்குத் தொடர மறுத்தன. சிவில் வழக்குகளில் பெரும்பாலானவை சமரசத்தில் முடிந்தன. லீக் நான்கு பெண்களின் புகார்களை ராபின்சன் முன் வைத்தது. அவர் லீக்கின் விதிகளை மீறினார் என்று ராபின்சன் முடிவு செய்தார். லீக் கேட்டது குறைந்தது ஒரு பருவத் தடை. ராபின்சன் 2022 ஆகஸ்ட் 1ஆம் தேதி கொடுத்தது ஆறு ஆட்டம்.

பலருக்குக் கோபம். ஆனால் அவருடைய காரணத்தைக் கவனியுங்கள். இதுபோன்ற நடத்தைக்கு இதற்கு முன் லீக் இவ்வளவு கடுமையாகத் தண்டித்ததே இல்லை. விதியை முன்கூட்டி அறிவிக்காமல் ஒருவரிடம் மட்டும் திடீரென்று அளவை உயர்த்துவது அவருக்கு அநீதி. அவர் சொன்னதன் சுருக்கம் இது.

இங்கேதான் இந்த விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. சமமற்ற தண்டனை என்று நாம் சொல்லும்போது இரண்டு வெவ்வேறு குறைகளைச் சேர்த்துச் சொல்கிறோம். ஒரே தவறு செய்த இருவருக்கு வெவ்வேறு தண்டனை கிடைப்பது ஒன்று. தவறின் கனத்துக்கும் தண்டனையின் கனத்துக்கும் பொருத்தமில்லாமல் இருப்பது மற்றொன்று. முதலாவதைச் சரிசெய்ய எல்லாருக்கும் பழைய அளவையே பின்பற்றினால், பழைய அளவே தவறாக இருக்கும்போது இரண்டாவது குறை நிரந்தரமாகிவிடும். நேற்று இரண்டு ஆட்டம் கொடுத்தவர்கள் இன்று இருபது கொடுத்தால், இன்றைய ஆட்டக்காரர் நேற்றைய தீர்ப்பைக் காட்டி வாதாடுவார். வாதம் செல்லும். பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியர் போன வருடம் ஒருவனை எச்சரித்து அனுப்பிவிட்டு இந்த வருடம் இன்னொருவனுக்குப் பிரம்படி கொடுத்தால் நீங்களும் அதைத்தானே கேட்பீர்கள்?

லீக் மேல்முறையீடு செய்தது. இறுதியில் இரு தரப்பும் பேசி 11 ஆட்டத் தடை, 5 மில்லியன் டாலர் அபராதம் என்று முடித்துக்கொண்டன. மறுபடியும் பேரம். ஆனால் பிரவுன்ஸ் குழு வாட்சனுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 230 மில்லியன் டாலர் உத்தரவாதத்துடன் கொடுத்தபோது, முதலாண்டின் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் சுமார் ஒரு மில்லியனாகக் குறைத்து எழுதியிருந்தது. தடைக்காலத்தில் பிடிக்கப்படுவது அந்தச் சம்பளம்தான். ஆகவே 11 ஆட்டங்களுக்கு அவர் இழந்த சம்பளம் ஏறக்குறைய 630,000 டாலர். அபராதத்தைச் சேர்த்தாலும், 1,500 டாலர் பந்தயத்துக்கு ரிட்லி இழந்ததில் பாதிதான் வருகிறது. அதே சமயம் ரைஸைப் பாருங்கள். சட்டப்படி அவர் 2014 நவம்பரிலேயே விடுவிக்கப்பட்டார். அப்போது வயது 27. அதற்கு முந்தைய பருவத்தில் அவர் ஆட்டம் சரிந்திருந்தது. எந்தக் குழுவும் அவரை மறுபடி அழைக்கவில்லை. லீக் எழுதிய எண்களுக்கு வெளியே சந்தை தனியாக ஒரு தண்டனை எழுதுகிறது. அதில் குற்றத்தைவிட ஆட்டத்திறனுக்குத்தான் மதிப்பெண் அதிகம்.

உரிமையாளர்கள்? அவர்களுக்கு ஆட்டக்காரர்களைவிட உயர்ந்த தரம் எதிர்பார்க்கப்படும் என்று லீக்கின் நடத்தை விதியே சொல்கிறது. வாட்சன் வழக்கில் சங்கம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. வாஷிங்டன் குழுவில் பெண் ஊழியர்கள் தொல்லைக்கு ஆளான விவகாரத்தில் 2021இல் குழுவுக்கு 10 மில்லியன் டாலர் அபராதம். உரிமையாளர் டேனியல் ஸ்னைடர் தனிப்பட்ட முறையில் 60 மில்லியன் டாலர் அபராதம் பெற்றது 2023 ஜூலையில், அதுவும் குழுவை 6.05 பில்லியனுக்கு விற்ற அன்று. விற்பனைத் தொகையில் நூற்றுக்கு ஒன்று. ஆணையரை வேலைக்கு வைத்திருப்பவர்களே உரிமையாளர்கள் என்பதை நினைவில் கொண்டால் இந்தக் கணக்கு புரியும்.

இப்போதைய கூட்டு ஒப்பந்தம் 2030 பருவம் வரை. அடுத்து 18ஆவது ஆட்டம் ஒன்றைச் சேர்ப்பது பற்றிக் குடெல் ஏற்கெனவே வெளிப்படையாகப் பேசிவருகிறார். அதற்கு ஈடாகச் சங்கம் கேட்கும் பட்டியலில் என்ன இருக்கும் என்பது இன்னும் சில ஆண்டுகளில் தெரியும்.

இங்கிலாந்தில் ஒரு வழக்கம் எனக்குப் பிடிக்கும். அங்கே காற்பந்துச் சங்கம் தண்டனையோடு அதற்கான காரணத்தையும் எழுதி வெளியிடுகிறது. 2011 அக்டோபரில் எட்டு நாள் இடைவெளியில் இரண்டு சம்பவங்கள். லிவர்பூலின் லுயிஸ் சுவாரெஸ், மான்செஸ்டர் யுனைடெட்டின் பாட்ரிஸ் எவ்ராவை இனத்தைக் குறிப்பிட்டுப் பேசினார். அவருக்கு எட்டு ஆட்டத் தடை, 40,000 பவுண்டு அபராதம். செல்சியின் ஜான் டெர்ரி, அன்டன் ஃபெர்டினாண்டிடம் அதேபோல் பேசியதாக வழக்கு. நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால் சங்கம் நான்கு ஆட்டத் தடையும் 220,000 பவுண்டு அபராதமும் விதித்தது. இங்கிலாந்துக்காரர் என்பதால் பாதித் தண்டனையா என்று அப்போது பலர் கேட்டார்கள். சுவாரெஸ் அந்தச் சொல்லைப் பலமுறை சொன்னார், டெர்ரி ஒருமுறை என்பது விசாரணைக் குழுவினரின் விளக்கம். சுவாரெஸ் அறிக்கை 115 பக்கம், டெர்ரி அறிக்கை 63 பக்கம். சட்டமோ விளையாட்டு மேலாண்மையோ படிக்க நினைப்பவர்களும் பள்ளியில் சொற்போருக்குத் தலைப்புத் தேடுபவர்களும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கலாம். 8க்கும் 4க்கும் இடையிலுள்ள தூரத்துக்கு அந்த விளக்கம் போதுமா என்பதில் உங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிவது உறுதி.